தாத்தாவின் பேரேடுகள்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தாவின் மிலிட்டரி பென்ஷன் பாட்டி பெயருக்கு மாறிவிட்டது. அதற்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் நீ உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்ததில் ஒரு பிழைகூட இல்லையாம். யார் செய்தது என்று வங்கியில் கேட்டார்கள். என் பிள்ளை என்றேன். அந்தப் பிள்ளை, காரியத்துக்கு வந்த இரண்டு நாளும் போனும் கையுமாக மாடியிலேயே நின்றான். இலையில் போட்ட சோறு அப்படியே இருந்தது. வேளைக்குச் சாப்பிடு.

பரணிலிருந்து தாத்தாவின் பேரேடுகளை இறக்கினோம். குடியாத்தத்து லுங்கிக் கடைகளில் பாதியாவது அதில் இருக்கும். பழையதெல்லாம் தீபாவளிக்குத் தீபாவளி முடித்த கணக்கு. 1989-ல் எல்லோருக்கும் மார்ச் 31 என்று ஆனபோது தாத்தா புலம்பித் தீர்த்தார். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோதோ, எழுபது தாண்டிய மனிதர், ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி கற்றுக்கொண்டார். யாரிடமும் கேட்க அவர் கூச்சப்பட்டதே இல்லை.

மிலிட்டரிக்காரர் என்று 1971 சண்டையைப் பற்றித்தான் எல்லோரும் அவரிடம் கேட்பார்கள். அப்போது சரணடைந்த 93,000 பாகிஸ்தான்காரர்களைப் பற்றிக் கேட்பார்கள். இவரோ, பிறகு பீகாரில் ஒரு முகாமில் அந்தக் கைதிகளுக்கு அளந்த கோதுமை மாவு, பருப்புக் கணக்கைச் சொல்வார். கேட்க வந்தவன் எழுந்து போய்விடுவான். "எதிரி தின்ற ரொட்டியானாலும் கணக்கு உதைக்கக் கூடாது" என்பார்.

சுடுகாடுவரை வந்து அழுதாரே ஒருவர், யாரென்று கேட்டாயே, அவர் அரிசி மண்டி வைத்திருந்தவர். கைமாற்று, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் மறைத்துத்தான் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாத்தாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு, "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. முதலில் எதை அடைப்பது, யாரிடம் தவணை கேட்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அடைத்து முடிக்க வருஷக்கணக்கானது, ஆனால் மண்டி நின்றது. காபி கொண்டுபோனதால் எனக்குத் தெரியும். தாத்தா வாயிலிருந்து வந்ததே இல்லை.

போன வாரம் உன் முழுப்பெயரைச் சொல்லி ஒருவன் என் போனுக்குப் பேசினான். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுநாளும் பேசினான். இப்போது ஏமாற்றுக்காரர்கள் அதிகமாம், டிவியில் சொல்கிறார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை.

நேரத்துக்குத் தூங்கு. வேளைக்குச் சாப்பிடு. நீ முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் பேசுவாய்.

அப்புறம், லாக்கரில் என் இரட்டை வடம் சும்மாதான் கிடக்கிறது. இந்த வயதில் அதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன்?

மூன்று மணிக்குப் பேசு. அப்போது அப்பா தூங்குவார்.

அன்புடன்,
அம்மா