செலினியம் அரிசி: ஆய்வு முறையும் தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். செலினியம் செறிவூட்டிய அரிசி பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரை, நன்மைகளை விரிவாகச் சொல்லிவிட்டு ஆய்வகப் பரிசோதனையை ஒரே வரியில் கடந்துவிட்டது. செலினியமோ, பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகிய தாதுச்சத்து. சீனாவிலேயே, குறைபாடு மிகுந்த கெஷான் பகுதியில் இதயத்தசை நோய் பரவியது. என்ஷியிலோ 1960-களில் மிகையால் மக்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. அந்நாட்டின் செலினியம் நெல் தரநிலை, கிலோவுக்கு 0.04 முதல் 0.30 மில்லிகிராம் என மேல்வரம்பையும் சேர்த்தே விதித்திருப்பது பொருத்தமானது.

இத்தனை நுண்ணிய அளவில், அறிக்கையில் வரும் எண்ணைவிட அது கிடைத்த வழியே முக்கியம். உணவுப் பகுப்பாய்வில் பணியாற்றும் நான் கண்ட வரையில், அரிசி மாவை உலையில் சாம்பலாக்கி அளந்தால் செலினியத்தின் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடுகிறது. மூடிய கலத்தில் நைட்ரிக் அமிலத்துடன் மைக்ரோவேவில் கரைத்தால் அந்த இழப்பு பெரிதும் தவிர்க்கப்படுகிறது. அதன் பின்னும், கரைசலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சூடாக்கி செலினேட் என்ற செலினிய வடிவத்தை செலினைட் என்ற வடிவமாக மாற்றாவிட்டால், செலினியத்தை வாயுவாக்கி அளக்கும் ஹைட்ரைடு முறைக் கருவியில் அளவு குறைவாகவே பதிவாகும். (குறைவாக வந்த எண்ணைக் கண்டு இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என உற்பத்தியாளர் முடிவெடுத்தால் என்னாவது?) எனவே இவ்வகை அரிசிக்குச் சான்றளிக்கும் ஆய்வகங்கள், மாதிரியைக் கரைத்த முறையையும், செலினிய அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட, சான்று பெற்ற ஒப்பீட்டு அரிசி மாவில் தங்களுக்குக் கிடைத்த மீட்பு விழுக்காட்டையும் (அந்த அளவில் எத்தனை விழுக்காடு தங்கள் சோதனையில் பதிவானது என்பதையும்) அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டுமென உணவுப் பாதுகாப்புத் துறை கட்டாயமாக்கலாம்.

– உணவுப் பகுப்பாய்வாளர், கோயம்புத்தூர்