மறுக்கப்பட்ட அப்லோடுகளுக்குப் பச்சை டிக் காட்டிய பேக்கப் மென்பொருள்: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பைப் பூட்டுவது) விவரம் இல்லாமல் கோப்புகளை அனுப்பியது, அவை மறுக்கப்பட்டதை மறைத்தது, பாதுகாப்பு விதியை நீக்கச் சொன்னது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் பேக்கப் மென்பொருளை 3 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். நோயாளிகளின் அறிக்கைகளும் ஸ்கேன் படங்களும் இரவுதோறும் அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3-இல் எங்களுக்கென உள்ள பக்கெட் (கோப்புகளை வைக்கும் இடம்) ஒன்றுக்குப் போக வேண்டும். போய்விட்டதாக உங்கள் டேஷ்போர்டும் தினமும் பச்சை டிக் காட்டியது. ஆனால் கடைசியாக வந்த அப்டேட்டுக்குப் பிறகு 11 நாட்களாக ஒரு ஸ்கேன் படம்கூட அங்கே போய்ச் சேரவில்லை.

இது தெரியவந்ததே தற்செயலாகத்தான். போன வாரம் எடுத்த ஸ்கேனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். படங்கள் இருந்த சர்வரில் டிஸ்க் பழுது. பேக்கப் இருக்கிறதே என்று நம்பி ரீஸ்டோர் செய்ய உட்கார்ந்தேன். அந்த நோயாளியின் ஃபோல்டரில் ஒரு பக்க அறிக்கை இருந்தது, படம் இல்லை. அடுத்த ஃபோல்டர், அதற்கடுத்தது, முந்தைய நாள், அதற்கு முந்தைய நாள் என்று திறந்துகொண்டே போனேன். எல்லாவற்றிலும் அறிக்கை மட்டும்தான். நோயாளி வெளியே காத்திருந்தார். 2 நாள் கழித்து டிஸ்க்கைச் சரிசெய்து படங்களை மீட்டோம். அது மீளாமல் போயிருந்தால் அவருடைய ஸ்கேன் எங்களிடம் எங்குமே இருந்திருக்காது.

காரணத்தை நானே தேடிக் கண்டுபிடித்தேன். பக்கெட்டுக்குள் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று சொல்லும் எங்கள் பக்கெட் பாலிசியில் மூன்று தடைகள் உண்டு. என்கிரிப்ஷன் ஹெடர் (எந்த முறையில் பூட்ட வேண்டும் என்று கோரிக்கையுடன் வரும் குறிப்பு) இல்லாமல் வரும் அப்லோடை மறு. ஹெடர் இருந்தும் அது கேஎம்எஸ் (அமேசானின் சாவி மேலாண்மைச் சேவை) முறையைச் சொல்லவில்லை என்றால் மறு. ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) அல்லாத இணைப்பில் எது வந்தாலும் மறு. உங்கள் மென்பொருள் சிறிய கோப்புகளை ஒரே கோரிக்கையாக அனுப்பும்போது ஹெடரைச் சரியாகச் சேர்க்கிறது. பெரிய கோப்புகளை மல்டிபார்ட்டாக, அதாவது பல துண்டுகளாகப் பிரித்து அனுப்பும்போது, தொடக்கக் கோரிக்கையில் ஒரே ஒரு முறை சொல்ல வேண்டிய அந்த ஹெடரைப் புதிய பதிப்பு விட்டுவிடுகிறது. வரும் கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் அமேசானின் கிளவுட்ட்ரெயில் பதிவில் இரண்டு கோரிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அறிக்கைக்கான கோரிக்கையில் என்கிரிப்ஷன் வரி இருந்தது. படத்துக்கான கோரிக்கையில் அந்த வரியே இல்லை, கீழே ‘ஆக்சஸ் டினைடு’ (அனுமதி மறுக்கப்பட்டது) என்று இருந்தது.

விதி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. சேமிப்பகமும் 403 (அனுமதி இல்லை) என்று தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதிலை வாங்கிய உங்கள் மென்பொருள் 5 முறை முயன்று பார்த்துவிட்டு, கோப்பைத் தாண்டிப் போய், டீபக் லாகில் (பிழைகளை ஆராய்வதற்கான உள்பதிவு) ஒரு வரி எழுதிவிட்டு, டேஷ்போர்டில் பச்சை டிக் போட்டிருக்கிறது. ஹெடர் விடுபட்டது ஒரு நிரல் பிழை, யாருக்கும் நேரும். தோல்வியை வெற்றி என்று காட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் நாளே சிவப்பாகக் காட்டியிருந்தால் மறுநாள் காலையிலேயே சரிசெய்திருப்பேன்.

இதை எழுதி அனுப்பியதும் உங்கள் சப்போர்ட்டிலிருந்து வந்த முதல் பதில், ‘ஆக்சஸ் கீக்கு முழு அனுமதி கொடுங்கள்’ என்பது (ஆக்சஸ் கீ என்பது மென்பொருள் பக்கெட்டை அணுகப் பயன்படுத்தும் அடையாளம்). பாலிசியில் வெளிப்படையான மறுப்பு இருக்கும்போது எத்தனை அனுமதி கொடுத்தாலும் மறுப்புதான் செல்லும். இது இந்த அனுமதி முறையின் அடிப்படை. கிளவுட் பேக்கப் விற்கும் நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டாவது பதில் எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைத்தது. பாலிசியையே நீக்கிவிடுங்கள், எஸ்3 எப்படியும் எல்லாவற்றையும் தானாக என்கிரிப்ட் செய்துவிடும் என்றார்கள். 2023 ஜனவரி 5 முதல் எஸ்3-இல் புதிதாக ஏறும் எல்லாமே குறைந்தபட்சம் ஏஇஎஸ்-256 முறையில் என்கிரிப்ட் ஆகிறது என்பது சரிதான். ஆனால் அதற்கான சாவி முழுக்கச் சேமிப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பக்கெட்டைப் படிக்கும் அனுமதி ஒருவர் கையில் சிக்கினால் கோப்பு அவருக்குத் திறந்தே கிடைக்கும். எங்கள் சொந்த கேஎம்எஸ் சாவி என்றால் அந்தச் சாவியைப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும், யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்பதும் பதிவாகும். நோயாளிகளின் ஸ்கேன்களுக்கு அந்த இரண்டாவது பூட்டு வேண்டும் என்று யோசித்துத்தான் விதியை எழுதினோம்.

பக்கெட்டின் இயல்புநிலையாக எங்கள் சாவியை ஏற்கெனவே வைத்திருக்கிறோம். அது மட்டும் போதாது. கோரிக்கை எதுவும் சொல்லாமல் வந்தால்தான் இயல்புநிலை பொருந்தும். வேறு முறையைக் குறிப்பிட்டு வந்தால் கோரிக்கை சொன்னபடியே நடக்கும். அதைத் தடுக்கப் பாலிசி இருந்தே ஆக வேண்டும். தவிர, பாலிசியைச் சரிபார்த்த பிறகுதான் இயல்புநிலை வேலைக்கு வரும். ஹெடர் இல்லாத உங்கள் கோரிக்கை வாசலிலேயே நின்றுபோனது அதனால்தான்.

இப்போதைக்கு, ஹெடர் இல்லாமல் வந்தால் உள்ளே விடு, இருந்து அது வேறு முறையாக இருந்தால் மட்டும் மறு என்று விதியைத் தளர்த்தியிருக்கிறேன். இயல்புநிலைச் சாவி இருப்பதால் படங்கள் எங்கள் சாவியிலேயே ஏறுகின்றன. அந்த அமைப்பை யாராவது தெரியாமல் மாற்றினால் தடுக்க எதுவும் இல்லை என்பதால் இப்படியே நீண்ட நாள் விட எனக்கு மனமில்லை. உங்கள் சப்போர்ட் இந்த அளவுக்காவது வழி சொல்லியிருக்கலாம். அவர்கள் சொன்னபடி பாலிசியை முழுவதுமாக எடுத்திருந்தால் ஹெச்டிடிபிஎஸ் கட்டாயமும் சேர்ந்தே போயிருக்கும்.

மல்டிபார்ட் தொடக்கக் கோரிக்கையில் ஹெடரையும் எங்கள் சாவியின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பும் திருத்தம் 15 நாட்களுக்குள் வேண்டும். ஒரே ஒரு கோப்பு மறுக்கப்பட்டாலும் அந்த இரவின் பேக்கப்பைத் தோல்வி என்றே காட்டி, எந்தக் கோப்பு, என்ன காரணம் என்பதை மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். இந்தப் பதிப்பை வைத்திருக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் எழுதுங்கள். இதுபோன்ற விதி வைத்திருக்கும் யாரோ ஒருவர் இன்றும் பச்சை டிக்கை நம்பிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. அதற்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் புதுப்பிக்க மாட்டோம். கிளவுட்ட்ரெயில் பதிவின் நகலையும், தடைபட்ட கோப்புகளின் பட்டியலையும், நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டு, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்