மாலை வகுப்பு வேனும் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

ஹட்டன்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

பிள்ளையின் கொப்பிக்குள் மடித்துவரும் கடிதம் என்றால் பெரும்பாலும் காசு கேட்டுத்தான் வரும். இதிலும் காசு விஷயம் இருக்கிறது. ஆனால் கேட்பது உங்களிடம் இல்லை. பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை வாசியுங்கள். வாசிக்க நேரமில்லாதவர்கள் பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தரம் 11 பிள்ளைகளின் மாலை வகுப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர்கள் சம்பளம் எதுவும் வாங்காமல் நின்று படிப்பிக்கிறார்கள். வகுப்பு முடிய ஐந்தரை ஆகிறது. அதன்பிறகு தோட்டத்தின் மேற்பிரிவு லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளை வீடு போய்ச் சேரும்போது இருட்டிவிடும். குறுக்குப் பாதை முழுவதும் தேயிலை மலை. இந்த மழைக்காலத்தில் பனிமூட்டம், அட்டை, அதோடு சிறுத்தை நடமாட்டம் வேறு. பெண்பிள்ளைகளை மாலை வகுப்புக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்ட பெற்றோர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

ஆகவே ஒரு வேன் வேண்டும். கிழமையில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு ஓட்டம். இதற்குக் காசு தேடுவதில்தான் சிக்கல். கட்டடம் கட்டித்தர, கணினி வாங்கித்தர மனமுள்ளவர்கள் கிடைக்கிறார்கள். திறப்பு விழா வைக்கலாம், சுவரில் பெயர்ப்பலகை பதிக்கலாம். வேனுக்கு அடிக்கும் டீசலில் யாருடைய பெயரை எழுதுவது? அதோடு ஒருமுறை கிடைக்கும் நன்கொடை இரண்டு மாதத்தில் கரைந்துவிடும். இந்தச் செலவு மாதாமாதம் வருவது. அதற்கான வரவும் மாதாமாதம் வரவேண்டும்.

டிக்கெட் புத்தகம் அடித்து விற்கலாம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நான் வேண்டாம் என்றேன். பிள்ளை கையில் டிக்கெட் புத்தகத்தைக் கொடுத்தால் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பாடசாலையில் பிள்ளை, அவர் கையிலும் அதே புத்தகம். கடைசியில் மிச்சத்தை அம்மாவே வாங்கி, பத்தாம் திகதிச் சம்பளத்தில் கழிப்பார்.

அப்படித்தான் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிய பேச்சு வந்தது. ஆசிரியர்கள் இருவரும் சங்கப் பெற்றோர் இருவரும் நகரத்தில் கடை கடையாகப் போய்ப் பேசினார்கள். நான்கு கடைகள் சம்மதித்திருக்கின்றன: ஒரு சைவக் கடை, ஒரு ஹலால் ஹோட்டல், ஒரு பேக்கரி, வீதியோரமாகச் சற்றுப் பெரிய உணவகம் ஒன்று. பெயர்கள் அறிவித்தல் பலகையில் இருக்கின்றன.

ஏற்பாடு இதுதான். பாடசாலை முத்திரை குத்திய சிறு சீட்டு ஒன்றைத் தருவோம். செவ்வாய்க்கிழமைகளில் அந்த நான்கு கடைகளில் எதிலாவது சாப்பிடுபவர், அல்லது பார்சல் எடுப்பவர், காசு கட்டும்போது அந்தச் சீட்டைக் கொடுத்தால் போதும். கடைக்காரர் பில் தொகையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார். மாத முடிவில் மொத்தத்தில் பத்து வீதம் பாடசாலைக்கு. சாப்பிடுபவர் ஒரு சதமும் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

பெரிய உணவகத்தில் மட்டும் ஒரு கணக்கைக் கவனிக்கவேண்டும். அங்கே சாப்பாட்டு விலைக்கு மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 18 வீதம் வற் வரி. 1,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் பில் 1,298 ரூபா வரும். எங்கள் பங்கு அந்த 1,000 ரூபாவிலிருந்துதான், அதாவது 100 ரூபா. வரி அரசாங்கத்துக்குப் போவது. அதில் பங்கு கேட்பது நியாயமில்லை. பில்லைப் பார்த்துவிட்டு “கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்று யாரும் சண்டைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

ஏன் செவ்வாய் என்று சிலர் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்களே சந்தைக்கு வருகிறோமே என்றார்கள். உண்மைதான். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு நகரத்தில் கால் வைக்க இடமிருக்காது. ஆனால் அன்றைக்குக் கடைக்கு எங்கள் சீட்டு எதற்கு? சும்மாவே மேசை நிறைந்துவிடும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் முடிந்து, வெசாக்குக்குப் பிறகு மலையடிவாரத்து நல்லதண்ணிப் பக்கம் போகும் கூட்டம் நின்றுவிட்டால், கிழமை நாட்களில் இந்தக் கடைகள் காற்று வாங்குகின்றன. சைவக் கடை முதலாளி காசு மேசையில் இருந்தபடியே உள்ளே கையைக் காட்டினார். பிற்பகல் மூன்று மணி. வெளியே மழை. கண்ணாடிப் பெட்டிக்குள் காலையில் போட்ட உளுந்து வடை அப்படியே அடுக்கியபடி இருக்கிறது. ரொட்டி போடும் தம்பி கல்லை அணைத்துவிட்டுத் தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான். “இந்த நேரத்துக்குப் பத்துப் பேரை அனுப்புங்க சேர், பத்து வீதம் என்ன, சந்தோஷமாத் தாறேன்” என்றார். டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு மலைக்காலம் தொடங்கியதும் கிழமை முழுவதும் கூட்டம் வரும். அப்போது ஏற்பாட்டை மறுபடி பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் நியாயம்தான்.

இது பிச்சை கேட்பதுபோல் இல்லையா என்று ஒரு தந்தை என்னிடம் நேராகவே கேட்டார். கேட்டது நல்லது. இல்லை என்பதே என் பதில். வெறும் மேசைக்கு நாங்கள் ஆள் தருகிறோம், அதற்குக் கடை ஒரு பங்கு தருகிறது. அதே காரணத்தால்தான் பிள்ளைகளைச் சீருடையோடு கடை வாசலில் நிறுத்துவதும், படம் எடுத்துப் போடுவதும், பாடசாலைச் சுவரில் கடை விளம்பரம் தொங்கவிடுவதும் கிடையாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். மதுபானம் விற்கும் ஓரிடமும் நல்ல பங்கு தருவதாகச் சொன்னது. மறுத்துவிட்டோம்.

இப்போது உங்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். தயவுசெய்து இந்தச் சீட்டுக்காக நீங்கள் கடையில் போய்ச் சாப்பிடவேண்டாம். பிள்ளைகள் “பாடசாலைக்கு உதவி” என்று சொல்லி கொத்து ரொட்டிக்கு அடம் பிடிப்பார்கள். விடாதீர்கள். கொழுந்துக் காசில் கொத்து வாங்கி, அதில் பத்து வீதம் பாடசாலைக்கு வருவதைவிட அந்தக் காசு உங்கள் அடுப்படியில் இருப்பது மேல். எப்படியும் வெளியில் சாப்பிடுகிறவர்களின் கைக்குத்தான் சீட்டு போகவேண்டும்: வங்கியில், தபாற்கந்தோரில் வேலை செய்பவர்கள், பஸ் சாரதிகள், நகரத்துக் கடைகளில் நிற்கும் எங்கள் பழைய மாணவர்கள், கொழும்பிலிருந்து லீவுக்கு வரும் உங்கள் அண்ணன் தம்பிமார். அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு சீட்டு கொடுங்கள். யாரையும் தெரியாவிட்டால் பரவாயில்லை. சீட்டு எடுத்த பிள்ளை, எடுக்காத பிள்ளை என்று வகுப்பில் எந்தக் கணக்கும் வைக்கமாட்டோம். வேனில் ஏறுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நாங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விளையாட்டுப் போட்டி, வாணி விழா, ஆசிரியர் கருத்தரங்கு என்று பாடசாலைக்கு எடுக்கும் சாப்பாட்டுப் பார்சல்களை இனி இந்தக் கடைகளிலேயே எடுப்போம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் தரச் சான்றைப் பார்த்துத்தான் நான்கையும் தெரிவு செய்தோம். பார்சலைப் பொலித்தீன் லஞ்ச் சீட்டில் சுற்றவேண்டாம், வாழையிலை போதும் என்றும் கேட்டிருக்கிறோம். 2017இல் தடை செய்த பொலித்தீன் லஞ்ச் சீட் இன்னும் எங்கள் குப்பைக் குழியில் கிடக்கிறது.

காசுக் கணக்கு: மாதக் கடைசி வெள்ளி, ஓர் ஆசிரியரும் இரண்டு பெற்றோரும் கடைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எண்ணுவார்கள். பணம் சங்கத்தின் பெயருக்குக் காசோலையாக மட்டும் வரும். சங்கம் பற்றுச்சீட்டு கொடுக்கும். என் கையிலோ ஆசிரியர் கையிலோ காசாக ஒரு ரூபாவும் தரவேண்டாம் என்று முதலாளிமாரிடம் சொல்லியாயிற்று. எந்தக் கடை எவ்வளவு தந்தது, வேனுக்கு எவ்வளவு போனது என்ற விவரம் அறிவித்தல் பலகைக்கு வரும்.

முதல் மாதமே முழு வேன் செலவும் வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாதி வந்தாலும் ஓட்டத்தைத் தொடங்குவோம். முதலில் தூரத்துப் பிரிவுகளுக்கு. கிட்டவுள்ள பிள்ளைகள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். இதில் சிலருக்கு மனவருத்தம் வரலாம். ஆனாலும் இருட்டில் அதிக தூரம் நடக்கும் பிள்ளைதான் முதலில்.

இதைப் பேச வரும் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குப் பிரதான மண்டபத்தில் கூடுவோம். வேலைநாளில் கூப்பிட்டால் உங்கள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பதால்தான் ஞாயிறு. சந்தைப் பையோடு அப்படியே வரலாம்.

தரம் 11 பெற்றோர் மட்டும் கீழேயுள்ள துண்டை நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். பிள்ளையின் பெயர், தோட்டம், பிரிவு, வேன் எந்த முடக்கில் நிறுத்தவேண்டும், அங்கே யார் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்பதை எழுதினால் போதும். கூட்டிப்போக ஆள் இல்லாதவர்கள் அதையும் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளை லயத்து வாசல்வரை கொண்டுபோய் விட முடியுமா என்று சாரதியிடம் பேசவேண்டும்.

இப்படிக்கு,
அதிபர்