சட்டம் படிக்கும் மகளுக்கு

அன்பு மகள்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஃபோனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. "18 வயது வரைக்கும் பிள்ளை என்பது மேற்குலகத்துக் கணக்கு, தீனில் பாலிக் ஆனால், அதாவது மார்க்கப்படி பருவமடைந்தால், முடிந்தது" என்று உன் வகுப்பில் ஒருவர் வாதாடினாராமே. அப்படி முடித்துவிட ஏலாது மகள்.

நாம் ஷாபிஈ மத்ஹபுக்காரர், அந்த இமாமின் சட்டவழியில் நிற்பவர்கள். பருவக்குறி தெரியாவிட்டால் 15 சந்திர வருடம் என்றுதான் ஓதி வந்தோம். நபித்தோழர் இப்னு உமர் (ரழி) அவர்கள் உஹது யுத்தத்துக்கு 14 வயதில் வந்து நின்றபோது நபி (ஸல்) அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அகழ் யுத்தத்தில் 15 வயது, அனுமதித்தார்கள். அதுதான் ஆதாரம். ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபாவோ ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார்கள். ஆக, 18 என்ற எல்லை 1989இல் ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தோடு வந்திறங்கிய புதுச் சரக்கில்லை.

குர்ஆனில் சூரா நிஸாவின் 6ஆம் வசனத்தையும் எடுத்துப் பார். அநாதைப் பிள்ளை திருமணப் பருவத்தை அடைந்தாலும், பக்குவம் கண்ட பிறகே சொத்தை ஒப்படைக்கச் சொல்கிறது. ஒரு துண்டுக் காணியைக் கொடுக்கவே பக்குவம் பார்க்கச் சொன்ன மார்க்கத்தில், மரண தண்டனை என்று உயிரை எடுக்கும்போது அதைப் பாராமல் விடலாமா?

நம் இலங்கையின் மூதூர்ப் பிள்ளை றிசானாவை உனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். 2005இல் வீட்டு வேலைக்குச் சவூதி போனாள். பிறப்புச் சான்றிதழில் 1988, கடவுச்சீட்டில் 1982. வெளிநாடு அனுப்புவதற்காக ஆறு வயதைக் கூட்டிவிட்டார்கள். போய்ச் சில வாரத்திலேயே 4 மாதக் குழந்தைக்குப் போத்தல் பால் கொடுக்கும் பொறுப்பு அவள் தலையில். குழந்தை மவுத்தானது. புரையேறியது என்றாள் அவள், கொலை என்றார்கள். தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தைப் பிறகு மறுத்தாள். 2007இல் தீர்ப்பு, 2013 ஜனவரி 9இல் தலையை வெட்டினார்கள். 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்கிறது சமவாயத்தின் 37ஆம் உறுப்புரை. சவூதி அதில் 1996இலேயே இணைந்தது. ஆனால் ஷரீஆவுக்கு முரணானவற்றை ஏற்கோம் என்ற விலக்கு நிபந்தனையோடு.

17 வயதுக்காரி பாலிக்தானே என்பார்கள். சரி. சந்தேகம் வந்தால் தண்டனையைத் தவிர் என்ற விதி எங்கே போனது? வயதில் சந்தேகம், வாக்குமூலத்தில் சந்தேகம். இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கொதிக்கிறது. ஷரீஆவின் பெயரால் ஷரீஆவின் இரக்கத்தையே மறுத்தார்கள்.

ஈரானில் சட்டப்படி பாலிக் வயது பெண் பிள்ளைக்கு 9 சந்திர வருடம், ஆணுக்கு 15. ஆனாலும் அங்கே 2013 தண்டனைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, அறிவு முதிர்ச்சியில் ஐயம் இருந்தால் மரண தண்டனையை விலக்க நீதிபதிக்கு இடம் தருகிறது. பிக்ஹு என்ற மார்க்கச் சட்டத்துக்குள் நின்றே செய்த மாற்றம் அது. நீதிபதிகள் எல்லோரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வேதனை.

மேற்கு, மேற்கு என்கிறவருக்கு இதையும் சொல். வெள்ளைக்காரன் 1883இல் நமக்கு எழுதித் தந்த தண்டனைச் சட்டக்கோவையில் குற்றப்பொறுப்பு வயது 8. நாம் அதை 12 ஆக்கியது 2018இல்தான்.

உன் ஆய்வுக் கட்டுரைக்குக் கிஸாஸை, அதாவது கொலைக்குக் கொலை என்ற பழிக்குப்பழித் தண்டனையை, எடு மகள். சவூதியின் 2020 அரச ஆணை தஃஸீர், அதாவது நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்ட தண்டனை, வழக்குகளில்தான் சிறுவருக்கு மரண தண்டனையை நீக்கியது. கிஸாஸில் மாட்டிய பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அபூ ஹனீஃபாவின் வயதெல்லையை அங்கே வைத்து வாதாட முடியுமா என்று உன் உஸ்தாதிடம் கேள். எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு.

உம்மா சலாம் சொன்னா.

இப்படிக்கு,
வாப்பா