தேர்வுக் குழுக்களில் அமர்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் தேர்வுக் குழு உறுப்பினர்களாக இருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

இனப்பெருக்க உயிரியலில் ஆய்வு செய்யும் ஒருவருடைய விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வரும்போது முதல் பக்கத்திலேயே மூன்று எண்கள் இருக்கின்றன. வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, பிற ஆய்வாளர்களிடமிருந்து அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் எத்தனை, இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு. பல நேரங்களில் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. கட்டுரைகளை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கல்கத்தாவின் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயை நீங்கள் அறிவீர்கள். கல்கத்தாவில் ஒன்றும் எடின்பரோவில் ஒன்றுமாக இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர். சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோருடன் சேர்ந்து அவர் எடுத்த முயற்சியில் 1978 அக்டோபர் 3 அன்று சோதனைக்குழாய் முறையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து அப்போது பத்து வாரங்கள்தான் ஆகியிருந்தன. இங்கிலாந்துக் குழுவினர் இயற்கையான மாதச் சுழற்சியில் முதிர்ந்த ஒற்றைக் கருமுட்டையை வயிற்றைத் துளைத்து எடுத்தார்கள். சுபாஷ் ஹார்மோன் ஊசி போட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை வளரச் செய்தார். அவற்றைப் பிறப்புறுப்பின் வழியாக எடுத்தார். உருவான கருவை 53 நாள்கள் உறைய வைத்து, பின்னொரு சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார். இன்று எந்தக் கருத்தரிப்பு மையத்துக்குப் போனாலும் இந்த மூன்றையும் காணலாம். உறைய வைத்த மனிதக் கருவால் கர்ப்பம் உண்டானதை ஆஸ்திரேலியாவின் ஆலன் டிரவுன்சனும் லிண்டா மோரும் நேச்சர் இதழில் வெளியிட்டது 1983இல்தான்.

சுபாஷின் வெளியீட்டுப் பட்டியலில் இந்தச் சாதனைக்கு என்ன இருக்கிறது? இண்டியன் ஜர்னல் ஆஃப் கிரையோஜெனிக்ஸ் என்ற உறைகுளிர் அறிவியல் இதழில் 1978இல் வந்த ஒரு சிறு குறிப்பு. மகப்பேறு மருத்துவர்கள் கையில் எடுக்காத இதழ் அது. மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. ஜப்பானுக்குச் சென்று தன் ஆய்வை விளக்க அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் அவரைக் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு இடமாற்றம் செய்தார்கள். ஹார்மோன்களைக் கற்று வளர்ந்த ஒருவருக்கு அங்கே என்ன வேலை? 1981 ஜூன் 19 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை எழுதும்போதுகூட எனக்கு மனம் கொதிக்கிறது.

அவருடைய பெயரை மீட்டவர் டாக்டர் டி.சி. ஆனந்த் குமார். 1986இல் மும்பையில் ஹர்ஷா பிறந்தபோது, நாட்டின் முதல் சோதனைக்குழாய் குழந்தையை உருவாக்கிய விஞ்ஞானி என்று போற்றப்பட்டவர். சுபாஷ் விட்டுச்சென்ற குறிப்புகளை உட்கார்ந்து படித்துவிட்டு, முதன்மை அவருக்கே உரியது என்று 1997இல் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். தனக்குக் கிடைத்த சிறப்பைத் தானே விட்டுக்கொடுத்தார். எந்த மேற்கோள் எண்ணிக்கையும் அவரை அந்த முடிவுக்குக் கொண்டுபோயிருக்க முடியாது.

முழுமையான கட்டுரை வெளியிடாத ஒருவரை எதை வைத்து நம்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மற்றவர்கள் சரிபார்க்கவும் திரும்பச் செய்து பார்க்கவும் வழி வேண்டும், அதற்காகத்தான் வெளியீடு. ஆகவேதான் கட்டுரைகளைப் படியுங்கள் என்கிறேன். எண்ணிப் பார்ப்பதால் எதுவும் சரிபார்க்கப்படுவதில்லை. மகப்பேறு, குழந்தையின்மை தொடர்பான மருத்துவ ஆய்வுகளில் பொய்யான தரவுகளை மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பென் மோலும் அவருடைய சகாக்களும் வெளிக்கொண்டுவந்தது எப்படி? அட்டவணைகளை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெவ்வேறு ஆய்வுகள் என்று சொல்லப்பட்டவற்றில் ஒரே எண்கள் இருந்தன. அப்படிப்பட்ட கட்டுரைகளும் மேற்கோள் காட்டப்பட்டவைதான்.

எங்கள் துறையின் காலக்கணக்கையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரிதான், இதழின் மதிப்பைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர். எருமையின் சினைக்காலம் பத்து மாதங்களுக்கும் மேல். பிறந்த கிடேரி வளர்ந்து முதல் கன்று ஈனச் சில ஆண்டுகள் ஆகும். எருமையின் கருவுறுதிறன் பற்றி நல்ல கட்டுரை ஒன்று வெளிவந்த அன்றே மற்றொருவர் அதைப் பின்பற்றி ஆய்வைத் தொடங்கினாலும், கிடேரியின் வளர்ச்சிவரை காத்திருந்து அவர் அதை மேற்கோள் காட்டுவதற்குள் அந்த இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும். ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கும் செல் வரிசைகளில் வேலை செய்பவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. இருவரையும் ஒரே பட்டியலில் வைத்து எண்ணால் வரிசைப்படுத்துவது அநீதி. எருமைப் பாலை நம்பி வாழும் நாட்டில் அது பெரும் நட்டமும்கூட.

கட்டுரையில் எழுதியவர்களின் பெயர் வரிசைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் ஜீன் பர்டியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். லூயிஸ் பிரவுனாக வளரவிருந்த கரு பிரிவதை ஆய்வகத்தில் இருந்து கண்டவர் அவர். 1978 ஆகஸ்டில் லான்செட் இதழில் வந்த அறிவிப்பில் அதே இங்கிலாந்துக் குழுவின் ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ் இருவர் பெயர்கள்தான் இருந்தன.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த ஆள் சேர்ப்பு அறிவிப்பிலேயே, மொத்தப் பட்டியலுக்குப் பதிலாக விண்ணப்பதாரர் தன்னுடையதில் சிறந்ததென்று கருதும் நான்கைந்து கட்டுரைகளை அனுப்பட்டும் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் தன் கைப்பட்ட வேலை எது, கிடைத்த முடிவு என்ன, வேறு ஆய்வகம் அதைத் திரும்பச் செய்து பார்த்ததா என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டும். எதிர்பார்த்த முடிவு வராத ஆய்வையும் அதில் சேர்க்க இடம் கொடுங்கள். நேர்காணலுக்கு முன் அந்தத் துறை அறிந்த ஒருவராவது அவற்றை முழுதும் படித்துவிட்டு வர வேண்டும்; அதற்கு நாள் ஒதுக்குங்கள், மதிப்பூதியமும் கொடுங்கள். மேற்கோள் எண்ணிக்கை தெரிந்தே ஆக வேண்டுமென்றால், படித்து முடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆய்விதழின் மதிப்பைக் கொண்டு ஆளை அளக்காதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனமும் இதைத்தான் கேட்கிறது.

இப்படிக்கு,
இனப்பெருக்க உயிரியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்