நான்கு பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள்: விடுதி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விளையாட்டு விடுதி நிர்வாகத்தினருக்கும் தலைமைப் பயிற்சியாளருக்கும் வணக்கம்.

போன வார அணித் தேர்வில், தனியாக நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டும் டைம் ட்ரையலின் பாதியிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிய பதினைந்து வயதுப் பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். 'உழைப்பு போதாது' என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். அவள் ஓட்டிய சைக்கிளை யாராவது பார்த்தீர்களா?

அதன் சீட் போஸ்ட்டில், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாயில், நான்கு நிறங்களில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். நான்கு பிள்ளைகள் முறை வைத்து ஓட்டுகிறார்கள், ஆளுக்கொரு நிறம். வேறு வழியில்லாமல் அவர்களே செய்துகொண்ட அடையாளம். ஆனால் இருப்பதிலேயே உயரம் குறைந்த பிள்ளைக்காக சீட்டை இறக்கும்போது, ஃபிரேமின் வாய் மற்ற டேப்புகளை மேலே தள்ளிச் சுருட்டிவிடுகிறது. அடுத்து ஏறுபவர் தன் நிறத்தை நம்பி முடுக்கினால், சீட் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழேதான் நிற்கும். தேர்வு முடிந்ததும் அளவு டேப் வைத்து அளந்தோம். அவளுக்கு இருக்க வேண்டிய சீட் உயரம் 67.1 செ.மீ. இருந்தது 65.

இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நிற்க வைத்து, கெட்டி அட்டை நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி மேலே ஏற்றி, தரையிலிருந்து நோட்டின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கம்பி) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் கிடைக்கும். அமெரிக்க சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் காலத்தில் பரவலான முறை இது. அவளுடைய கால் அளவு 76 செ.மீ., அதே சைக்கிளை ஓட்டும் இன்னொரு பிள்ளைக்கு 70. இரண்டு பேருடைய சீட்டுக்கும் 5.3 செ.மீ. வித்தியாசம் வருகிறது. இது தொடக்க அளவுதான். பிறகு பெடல் அடியில் இருக்கும்போது முட்டியின் மடக்கு 25 முதல் 35 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்க வேண்டும்.

சீட் தாழ்ந்தால் பெடல் உச்சிக்கு வரும்போது முட்டி அதிகமாக மடங்கி, முட்டிச்சில்லு தொடை எலும்போடு அழுந்தும். வலி முன்பக்கம் வரும். அவள் பிடித்துக்கொண்டதும் அங்கேதான். சீட் உயர்ந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி, முட்டியின் பின்பக்கம் இழுக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் ஒவ்வொரு முட்டியும் மணிக்கு 5,400 தடவை மடங்குகிறது. மூன்று மணி நேரப் பயிற்சிக்கு 16,200 தடவை. பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1969-இல் பிரான்சின் ப்ளுவா சைக்கிள் ஓடுதளத்தில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு, வலி தாங்காமல் போட்டிக்கு நடுவிலேயே சீட் உயரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வீரருக்கே சில மில்லிமீட்டர் பொருட்டாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

போதாததற்கு, அந்த சைக்கிளில் இருப்பது 172.5 மி.மீ. நீளக் கிராங்க். 165 போட்டிருந்தால் முட்டிக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும். ஷூவின் அடியில், பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷிமானோ கம்பெனியின் சிவப்பு. லுக் கம்பெனியின் கியோ கிளீட்டில் சிவப்பு என்றால் பாதம் 9 டிகிரி அசையும். ஷிமானோவில் சிவப்பு என்றால் அசைவே கிடையாது, 6 டிகிரி அசைவு வேண்டுமென்றால் மஞ்சள் வாங்க வேண்டும். மொத்தமாக வாங்கியவர் இதைக் கேட்டிருக்கலாம். பாதம் பூட்டிக் கிடந்தால் அந்த முறுக்கையும் முட்டிதான் வாங்குகிறது.

ஒரு பிள்ளைக்கு ஒரு சைக்கிள். அவரவர் அளவில். நாங்கள் கேட்பது இதுதான்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலை ஐந்து மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு 80 கி.மீ. அனுப்புகிறீர்கள். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கக் கொடுங்கள். கூட மணிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் மாவுச்சத்து ஏறக்குறைய 55 கிராம் ஆகிவிடும். பரிசளிப்பு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் இதை மாதக்கணக்கில் கொடுக்கலாம். அதை விட்டுவிட்டு, வளரும் பெண் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் எடை பார்க்கும் மெஷினில் ஏற்றி, 'இன்னும் ரெண்டு கிலோ குறை' என்கிறீர்கள். பயிற்சிக்கு ஈடான சாப்பாடு இல்லாமல் மாதவிடாய் நின்றுபோனால் எலும்பு பலவீனமாகும், கீறல் விடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. இந்த வழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

மீண்டும் சைக்கிளுக்கு வருகிறோம். எல்லாருக்கும் தனித்தனியாக உடனே வாங்க முடியாது என்றால், அதுவரைக்குமாவது கால் அளவு ஒத்த பிள்ளைகளை ஒரே சைக்கிளில் சேர்த்துவிடுங்கள். ஆளுக்கொரு பக்கம் வைத்து ஒரு நோட்டில் சீட் உயரம், சீட் முனையிலிருந்து ஹேண்டில்பார் வரை தூரம், கிளீட் நிலை ஆகியவற்றை எழுதிவையுங்கள். ஏறும் முன் அளவு டேப் வைத்து அளந்து முடுக்க மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். வளரும் வயது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால் அளவைத் திரும்ப எடுங்கள். அளப்பதற்கு ஆள் இல்லையென்றால் நாங்கள் வருகிறோம், கூலி வேண்டாம்.

அந்தப் பெண்ணின் முட்டியை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சரியானதும், சீட் 67.1-இல் நிற்கும் ஒரு சைக்கிளில், 165 கிராங்க்கோடு, அவளுக்கு இன்னொரு தேர்வு வையுங்கள். அதுவரை அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் சைக்கிள்களைப் பழுதுபார்த்துக் கொடுப்பவர்களும் முன்னாள் பயிற்சியாளர்களும்