குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

பொங்கல் விளையாட்டு, கொடியேற்றம், கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. நான்காவது குறுக்குத் தெரு தவிர விளக்குகள் எரிகின்றன.

இந்த ஆண்டு நான் அதிகம் மெனக்கெட்டது இளையோருக்கான தலைமைப் பண்பு வகுப்புக்குத்தான். "சங்கத்துக்கு இது எதுக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. செயற்குழுவில் எல்லோரும் அறுபதைத் தாண்டிவிட்டோம், அதற்காகத்தான். மேடைப் பேச்சு சொல்லித்தரவில்லை. மாதம் ஒரு பிள்ளை கூட்டத்தை நடத்தும், இன்னொன்று தீர்மானப் புத்தகம் எழுதும், மூன்றாவது டீ, பிஸ்கட் செலவுக்குக் கணக்குச் சொல்லும். முதல் மாதமே 40 ரூபாய் இடித்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து, "நான்தான் எழுத மறந்துட்டேன்" என்றார். நம் கூட்டங்களில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

அப்புறம், சோழர் காலத்து ஊர்ச்சபைத் தேர்தல் முறையைப் பார்க்கக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போய்வந்தோம். பெரியவர்கள் எட்டுப் பேர் வருவதாகச் சொன்னார்கள். வேனில் பிள்ளைகளோடு இருந்தது நானும் ஓட்டுநரும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவன் எடுப்பான். தேர்தலில் நிற்பவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலி நிலமாவது வேண்டும் என்றதும், "அப்போ வாடகை வீட்டுக்காரங்க?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நம் விதிகளிலும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. அந்தக் கல்வெட்டின்படி வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை.

வரவு செலவு சரியாகவே இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். (அந்த மாணவி இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.) வேன் வாடகையில் பாதி என் கைக்காசு. 84 வீடுகளில் சந்தா கட்டியவை 37. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினால் ரசீது போட முடியாது.

எல்லாவற்றையும் செயலாளரே இழுத்துப்போட்டுச் செய்கிறார் என்று ஒரு புகார். உண்மைதான். விட்டுக்கொடுக்க ஆள் வந்தால் விட்டுவிடுகிறேன்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், நாற்காலி தந்த பந்தல்காரருக்கும் நன்றி.

எனக்கு இது மூன்றாவது ஆண்டு. உத்திரமேரூர்க் கணக்குப்படி என் பெயர் இனிக் குடத்தில் விழக்கூடாது. மேசைமேல் பித்தளைக் குடம் இருக்கிறது, பக்கத்தில் துண்டுச் சீட்டுகளும் பேனாவும். பெயர் எழுதுவதற்கு முன் சந்தா ரசீதைக் காட்டவும்.

இப்படிக்கு,
செயலாளர்